பதினாறு கிலோமீட்டருக்குப் பிறகு

குரும்பலூர் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கும் வெற்றிச்செல்விக்கு வயது நாற்பத்து மூன்று. நாற்பது வயதுவரை அவள் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். மகள் தமிழினி போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கியபோது, இருட்டு விலகுமுன் பெண்பிள்ளை தனியாகப் போக வேண்டாமே என்று பள்ளி மைதானத்துக்குத் துணைக்குப் போனாள். உட்கார்ந்திருந்தால் கொசு பிடுங்கியது. எழுந்து நடந்தாள். பத்து நாள் கழித்து மகளுக்குப் பின்னால் ஒரு சுற்று ஓடிப் பார்த்தாள். மூச்சு முட்டியது, ஆனால் மறுநாளும் ஓடத் தோன்றியது. மகள் தேர்வாகி வேலைக்குப் போய்விட்டாள். அம்மா ஓட்டத்தை விடவில்லை.

பெரம்பலூரில் மருந்துக்கடை நடத்தும் பர்சானா ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடன் ஓடுவாள். லப்பைக்குடிகாட்டுப் பெண். கணவர் உபைத் சார்ஜாவில் இருக்கிறார். வெற்றிச்செல்வியை விடப் பத்து வயது இளையவள், கால் வேகமும் அதிகம். இருவரும் அரியலூரில் நடக்கவிருந்த அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். இருபத்தோரு கிலோமீட்டர்.

பந்தயத்துக்கு இன்னும் ஒரு வாரம். அது மாதத்தின் முதல் வாரமும்கூட. கடை வாசலில் காலையிலேயே வரிசை நின்றது. கைரேகை விழாதவர்களுக்கு விரலைத் துடைத்துத் துடைத்து மெஷினில் வைத்து, அரிசி நிறுத்து, பருப்பு போட்டு, சாயங்காலம் கதவைச் சாத்தும்போது கெண்டைக்கால் கல்லாகியிருக்கும்.

"இந்த வாரம் ரொம்ப ஓடாதீங்கக்கா. காலுக்கு ரெஸ்ட் குடுங்க" என்று பர்சானா போனில் சொன்னாள்.

"நின்னுக்கிட்டே கெடக்குறேன். இதுல எங்கேருந்து ரெஸ்ட்டு?"

செவ்வாய்க்கிழமை ஆறு கிலோமீட்டர் ஓடினாள். சாலையில் பாதிக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். அதன் ஓரமாகவே போய் ஓரமாகவே திரும்பினாள். கால் நன்றாக ஒத்துழைத்தது. மனதுதான் ஒத்துழைக்கவில்லை.

காரணம், வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய மெடல். போன வருடம் திருச்சியில் ஓடி வாங்கியது. ஆனால் அன்று அவள் முழுதாக ஓடவில்லை. பதினாறாவது கிலோமீட்டரில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த வேனில் ஏற்றி, ஓட்டம் முடியும் இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே மெடல் கொடுத்துக்கொண்டிருந்த பெண் யார் எவர் என்று பார்க்காமல் இவள் கழுத்திலும் ஒன்றைப் போட்டுவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர் செல்லமுத்து, "முடிச்சிட்டியா?" என்று கேட்டார். "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்து வருடம் முழுக்க அவளை அரித்தது.

செல்லமுத்து சின்ன வெங்காயம் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மெடலைக் காட்டுவார். புதன்கிழமையும் வெங்காய வியாபாரி உத்திராபதியிடம், "இருபத்தோரு கிலோமீட்டர்ங்க. நிக்காம ஓடியிருக்கா" என்றார். டீ கொண்டு வந்த வெற்றிச்செல்வி டம்ளரை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை அவர் லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அருகில் போய் நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும்ங்க. போன வருசம் நான் முடிக்கல. பதினாறுல உக்காந்துட்டேன். வேன்லதான் கொண்டுவந்து விட்டாங்க."

அவர் துணியை உதறினார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஊரெல்லாம் சொல்ல வச்சுட்டியே புள்ள" என்றார் கடைசியாக.

"தப்புதாங்க."

"பதினாறுன்னா... இங்கேருந்து பெரம்பலூர் போயிட்டுத் திரும்பி வர்ற தூரம் இருக்குமா?"

"இருக்கும்."

"அத ஓடுனது நெசந்தான?"

"அது நெசம்."

அவர் உள்ளே போய் மெடலைக் கழற்றி பீரோவில் வைத்தார். மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஞாயித்துக்கெழம லோடு இல்லன்னு சொல்லிட்டேன். நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார். வெற்றிச்செல்விக்கு அன்றுதான் சோறு ருசித்தது.

ஞாயிறு விடியலில் பெரம்பலூரில் பர்சானாவையும் ஏற்றிக்கொண்டு அரியலூர் போய்ச் சேர்ந்தார்கள். வண்டி முழுக்க வெங்காய வாசனை. "பரிசு வாங்குறமோ இல்லியோ, பக்கத்துல எவனும் வரமாட்டான்" என்று பர்சானா சிரித்தாள். முழுக்கைச் சட்டையும் தலையில் இறுகக் கட்டிய துணியுமாக அவள் தயாராக இருந்தாள். வெற்றிச்செல்வி மகளின் பழைய டிராக் பேண்ட் போட்டிருந்தாள்.

கீழப்பழுவூர் சாலையில் பாதித் தூரம் போய்த் திரும்ப வேண்டும். முதல் எட்டு கிலோமீட்டர் இருவரும் சேர்ந்தே ஓடினார்கள். பிறகு வெற்றிச்செல்வியே, "நீ போம்மா, எனக்காக மெதுவா ஓடாத" என்று அனுப்பிவிட்டாள். திரும்பி வரும்போது வெயில் முகத்தில் அடித்தது. சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதி உதட்டில் கரகரத்தது. பதினைந்து என்ற பலகை வந்தது. அடுத்த பலகையைப் பார்க்கப் பிடிக்காமல் தன் காலடியையே பார்த்து ஓடினாள். நிமிர்ந்தபோது பதினாறு பின்னால் போயிருந்தது. அழுகை வந்தது. அழுதால் மூச்சு போய்விடுமென்று அடக்கிக்கொண்டாள்.

பதினெட்டு நெருங்குகையில் சாலையோரத்தில் பர்சானா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொடை இழுத்துக்கொண்டிருந்தது. வெற்றிச்செல்வி நின்றுவிட்டாள்.

"நிக்காதீங்கக்கா!" என்று பர்சானா கத்தினாள். "நீங்க நின்னா மறுபடி ஓட மாட்டீங்க. நான் நடந்தே வந்துருவேன், இன்ஷா அல்லாஹ். நேரம் இருக்கு. போங்க!"

தண்ணீர்ப் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு வெற்றிச்செல்வி ஓடினாள். விட்டுவிட்டுப் போகிறோமே என்ற உறுத்தலே கால்களைத் தள்ளியது. இரண்டு மணி முப்பத்தேழு நிமிடத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். சுற்றிலும் பார்த்தாள். செல்லமுத்துவைக் காணோம். மெடலை வாங்கிக் கழுத்தில் போடாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். மூன்று மணி நேரம்தான் கெடு. அதற்குள் பர்சானா வந்தாக வேண்டுமே.

அரை கிலோமீட்டர் தாண்டியதும் எதிரில் அவள் நொண்டி நொண்டி வருவது தெரிந்தது. அவளோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினாள். டீக்கடையிலிருந்து வெளியே வந்த செல்லமுத்து, மனைவி சாலையில் மெதுவாக நடந்து வருவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"பரவால்ல புள்ள, பரவால்ல. முடியலன்னா வுட்டுரு. உன்ன யாரு என்ன சொல்லப்போறா? வண்டிய எடுத்துட்டு வரவா?"

இரண்டு பெண்களும் சாலை நடுவே நின்று சிரித்தார்கள். பர்சானாவுக்குச் சிரிக்கச் சிரிக்கத் தொடை இழுத்தது.

"அண்ணே, அக்கா முடிச்சு கால் மணி நேரம் ஆச்சு. நீங்க எங்க போனீங்க?"

அவர் முகம் தொங்கிவிட்டது. "ஒரு டீ குடிக்கப் போன நேரத்துலயா வந்த?"

"நான் வேகமா வந்துருவேன்னு நெனச்சு டீய முன்னாடியே குடிச்சிருக்கணும்" என்றாள் வெற்றிச்செல்வி. பர்சானா இரண்டு நிமிடம் மீதமிருக்கக் கோட்டைத் தாண்டினாள். அவள் கடந்ததைச் செல்லமுத்து தவறவிடவில்லை. கூட்டத்தில் அவர் கைதட்டல்தான் பெரிதாகக் கேட்டது.

திங்கட்கிழமை வெற்றிச்செல்வி ரேஷன் கடைப் படியில் கால் வலியோடு பக்கவாட்டில் இறங்கினாள். அரிசி வாங்க வந்த கிருஷ்ணம்மாள், பருத்தி எடுக்கப் போகிறவள், அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பை நிரம்பிய பிறகும் போகவில்லை.

"காலையில எத்தன மணிக்குக் கெளம்புவ?"

"அஞ்சே காலுக்கு. ஏங்க?"

"எனக்குச் சுகர்னு சொல்லிட்டாங்க. ஓடல்லாம் மாட்டேன். சும்மா நடக்கத்தான்."

"நாளைக்கே வாங்க" என்றாள் வெற்றிச்செல்வி. "நானும் இந்த வாரம் நடக்கத்தான் போறேன்."