அம்பலவாணர் நிறுத்திய விமானம்

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். பாய லேபார் விமான நிலையத்தில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. சரக்குக் கொட்டகையில் வேலை பார்க்கும் ஓஸ்மான் பேசினார். அன்று விடியற்காலை அம்பலவாணர் அவர்கள் ஃபேரர் பார்க் வீட்டில் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்றும், நான் அவருடைய நெடுநாளைய நண்பன் என்பதால் முதலில் எனக்குச் சொல்வதாகவும் மலாயில் சொன்னார்.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. ஒரு கணம்தான். அதன் பிறகுதான் துக்கம் வந்தது. அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்குவது முறையல்ல என்று எனக்கும் தெரியும். நம் சங்க இதழுக்கு எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, "அவரோடு அதிக நாள் பழகியவர் நீங்கதானே" என்றார். பழகியது உண்மை. அந்தப் பழக்கத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் என்பதை இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது நானே சொல்கிறேன்.

நான் விமான நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது விமான நிலையம் காலாங்கில் இருந்தது. அம்பலவாணர் அங்கே சாமான் பிரிவில் இருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குச் சிங்கப்பூரில் பிறந்தவர். வெள்ளைக் காற்சட்டையின் மடிப்பு மாலைவரை கலையாது. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி எப்போதும் "ஐசே"தான். நான் "அண்ணே" என்பேன்.

அந்நாளில் பெட்டிகளை மட்டுமல்ல, பயணிகளையும் தராசில் ஏற்றி நிறுப்போம். விமானங்கள் சிறியவை, ஒவ்வொரு இராத்தலும் கணக்கு. தராசின் முகம் சுவர்க் கடிகாரம் அளவுக்குப் பெரியது. வரிசையில் நிற்பவர் எல்லாரும் முள்ளைப் பார்ப்பார்கள். ஒருநாள் சற்றுப் பருமனான ஓர் அம்மையார் தராசில் ஏறமாட்டேன் என்று அழாத குறையாக நின்றார். நானும் இன்னொரு எழுத்தரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அம்பலவாணர் எழுந்து வந்து, தராசின் முகத்துக்கு முன்னால் தம் முதுகை வரிசைக்குக் காட்டி நின்றுகொண்டார். முள்ளை அவர் ஒருவர்தான் பார்த்தார். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதி என்னிடம் தந்தார். அன்று முதல் பெண்கள் ஏறும்போதெல்லாம் அவர் அப்படித்தான் நின்றார். பிறர் மானத்தைத் தம் முதுகால் மறைக்கத் தெரிந்தவர். எனக்கும் அதைத்தான் செய்தார் என்பது வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கியது.

பாய லேபாருக்கு மாறிய பிறகு அவர் சாமான் பிரிவின் மேற்பார்வையாளர் ஆனார். நான் பயணிகளின் டிக்கெட் பார்க்கும் கவுண்டரில் இருந்தேன். அண்டை நாட்டோடு பகை மூண்டு, ஊரில் அங்கங்கே குண்டு வெடித்த வருடங்கள் வந்தன. மிரட்டல் வரும் நாட்களில் ஒரு புதிய ஏற்பாடு. பெட்டிகளை விமானத்தில் ஏற்றுமுன் தரையில் வரிசையாக வைப்பார்கள். பயணிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெட்டியைக் கையால் தொட வேண்டும். தொட்ட பெட்டி மட்டும்தான் ஏறும்.

சிப்பந்திகள் அவசரத்தில் பெட்டியைக் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டுவிடுவார்கள். அம்பலவாணருக்கு அது பிடிக்காது. "கேக்கக் கூடாது ஐசே," என்று எனக்கும் சொல்லியிருக்கிறார். "கேட்டா ஆரும் ஓமெண்டுதான் சொல்லுவினம். ஆள் தானா வந்து தொடோணும். அதுவரைக்கும் நாங்கள் பேசாமல் நிக்கோணும்."

இனி என் கதைக்கு வருகிறேன்.

சென்னைக்கு யாராவது விமானத்தில் போகிறார் என்றால் சிராங்கூன் சாலை முழுக்க அவர் கையில் பொட்டலம் கொடுக்கும். இது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நைலான் புடவை, தைலப் புட்டி, டார்ச் லைட், குடை. மாட்டேன் என்பவர் மனிதரே இல்லை என்று பேசுவோம். குண்டுப் பயம் வந்ததும் நிறுவனம் அதைத் தடுத்தது. பிறர் பொட்டலத்துக்கு உதவும் ஊழியருக்கு வேலை போகும் என்று சுற்றறிக்கையே வந்தது. அதில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

என் தங்கையின் கணவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் இரயில் நிலையத்தில் வேலை. அதிகாலை டூட்டிக்கு எழுந்திருக்க முடியாமல் இரண்டு முறை திட்டு வாங்கிவிட்டார், நல்ல அலாரக் கடிகாரம் ஒன்று அனுப்பு அண்ணா என்று தங்கை எழுதியிருந்தாள். இதை அம்பலவாணரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கடிகாரம் வாங்கினேன். கடையிலேயே சாவி கொடுத்து ஓடவிட்டுக் காட்டினார்கள். அப்படியே ஒரு புடவையில் சுற்றி, தங்கைக்கு ஒரு கடிதமும் வைத்து, பழுப்புத் துணியில் தைத்தேன். சென்னைக்குப் புறப்பட்ட துணிக்கடைக்காரர் ஒருவர் கொண்டுபோகச் சம்மதித்தார், தங்கையின் முகவரியை அவரிடம் தனித் தாளில் கொடுத்தேன்.

பெட்டியில் கட்டும் சீட்டு இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதி பெட்டியில், மறு பாதி பயணியின் கையில். பொட்டலத்தில் ஒரு பாதியைக் கட்டி உள்ளே அனுப்பினேன். மறு பாதியை, யாரும் பார்க்காதபோது கொடுக்கலாம் என்று என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அரை மணி கழித்துத் திடீரென்று மிரட்டல் வந்தது. பெட்டிகளை இறக்கித் தரையில் வைத்தார்கள். துப்பாக்கியோடு இராணுவத்தினர் நின்றனர். துணிக்கடைக்காரர் தம் இரண்டு பெட்டிகளைத் தொட்டார். என் பொட்டலத்தைப் பார்த்தார், இராணுவத்தினரைப் பார்த்தார், அதைத் தொடாமல் நடந்துபோய்விட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் மட்டும் என்ன செய்தேன்?

கடைசியில் அது ஒன்றுதான் தரையில் மிஞ்சியது. அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு விமானத்தைக் கிளப்பு என்று நிலைய மேலாளர் கத்தினார். அம்பலவாணர் குனிந்து காதை வைத்தார். உள்ளே டிக் டிக் என்று கேட்டிருக்கிறது. எழுந்து, இந்த விமானம் போகாது என்றார். ஒன்று தவறி வந்திருந்தால் இன்னொன்றும் வந்திருக்கலாம், எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும் என்றார். நான்கு மணி நேரம். வெயிலில் குழந்தைகள் அழுதன. கவுண்டரிலிருந்து அந்த இடம் ஐம்பது தப்படிகூட இருக்காது. நடந்துபோய், இது என்னுடையது என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் மனைவி அப்போது ஏழு மாதம். வேலை போனால் என்ன கதி என்று நினைத்தேன். கால் நகரவில்லை.

போலீசார் பொட்டலத்தைத் திறந்தார்கள். கடிகாரமும் புடவையும் கடிதமும். கடிதத்தைத் தமிழ் தெரிந்தவர் என்று அம்பலவாணரிடம் கொடுத்து, யார் பெயராவது இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் தூரத்தில் நின்று அவர் படிப்பதைப் பார்த்தேன். "அன்புள்ள தங்கைக்கு" என்று தொடங்கி "உன் அண்ணன்" என்று முடித்திருந்தேன். இடையில் மாப்பிள்ளையின் அதிகாலை டூட்டி பற்றி நாலு வரி கேலி. அவர் நிதானமாக மடித்து, பெயர் எதுவும் இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஒரு கடிகாரத்துக்குப் பயந்து விமானத்தை நிறுத்திய நிறுவனம் என்று ஊர் சிரித்தது. மேலாளர் கவுண்டர்க்காரர் மூவரையும் நிறுத்தி, இந்தச் சீட்டைக் கட்டியது யார் என்று கேட்டார். மூவரும் ஒரே கட்டிலிருந்து சீட்டு எடுப்போம். மற்ற இருவரும் உண்மையாகவே தெரியாது என்றார்கள். நானும் தெரியாது என்றேன். சாமான் பிரிவில் நடந்ததற்குத் தாமே பொறுப்பு என்று அம்பலவாணர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைச் சரக்குக் கொட்டகைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து மேற்பார்வையாளர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

சாவியை ஒப்படைக்க அவரே வந்தார். "சாமான் அறைக் கதவு மழைக்கு ஊதும் ஐசே. கொஞ்சம் தூக்கித் திறவும்," என்றார். போகாமல் நின்றார். "வேற ஏதும் சொல்லக் கிடக்கோ?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்படி அவர் கேட்டது அந்த ஒரு முறைதான். அதன் பிறகு எத்தனை நல்லது கெட்டதுகளில் சந்தித்திருப்போம். என் மகன் பிறந்தபோது மனைவியோடு வந்து குழந்தையை மடியில் வைத்திருந்தார். கொட்டகையின் தகரக் கூரை வெக்கையில் அவர் இளைத்துக்கொண்டே போனதை மாதாமாதம் பார்த்தேன். பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். கோழைக்குத் தப்பிக்கும் வழி தெரிவதுபோல் யாருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை தகனம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா என்னைக் கண்டதும், "உங்களைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லைத் தம்பி," என்று அழுதார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் கொட்டகையில் அவருடைய மேசையை ஒதுக்க உதவிக்கு வரும்படி ஓஸ்மான் கூப்பிட்டார். ஒதுக்க அதிகம் இல்லை. ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு திருநீற்றுச் சம்புடம், மேசை விரிப்பு. பிறகு ஓஸ்மான் என்னை உரியவர் வராத சாமான்கள் வைக்கும் அலமாரிக்கு அழைத்துப் போனார். ஆறு மாதம் ஆனால் அங்கிருப்பதை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பது விதி. மேல் தட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. போலீசார் பிரித்த பழுப்புத் துணியை யாரோ அழகாக மறுபடி தைத்திருந்தார்கள். அதில் நான் கட்டிய பாதிச் சீட்டு அப்படியே தொங்கியது. அதன்மேல் ஒரு தாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேதி போட்டு, ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் அவருடைய கையெழுத்தில் ஒரே வரி: "உரியவர் வருவார்." எட்டுத் தேதிகள்.

இதை என்ன செய்வது என்று ஓஸ்மான் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. யாருடையது என்று தாம் பல முறை கேட்டும் அம்பலவாணர் சொல்லவில்லை என்றார். உரியவர் தானாக வரட்டும் என்பாராம்.

மறு பாதிச் சீட்டு இத்தனை வருடமும் என் பணப்பையின் உள்ளறையில் இருந்தது. கிழித்துப் போடவும் துணிவில்லை, காட்டவும் துணிவில்லை. அதை எடுத்து ஓஸ்மானிடம் கொடுத்தேன். பொட்டலத்தின்மேல் கையை வைத்தேன். இது என்னுடையது என்று சொன்னேன். அவர் இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்த்தார். வெளியே போய் நின்றுகொண்டார்.

இதே விவரத்தைத் திங்கட்கிழமை மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது எனக்கு வேலை இருக்குமா என்பது தெரியாது. பரமேஸ்வரி அக்காவிடமும் நேரில் சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்தவில்லை, உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அது அவருடைய நியாயம்.

அண்ணே, ஐம்பது தப்படி நடக்க எனக்கு நாலு வருடம் ஆயிற்று. வந்து தொட்டுவிட்டேன். அதைப் பார்க்கத்தான் நீங்கள் இல்லை.