சபியா ராத்தாவின் த்ரீ பேஸ் கரண்ட்

போன கிழமை புத்தளத்தில் மிளகாய் அரைக்கப் போயிருந்தேன். வாசலில் களப்புக் காற்று. உள்ளே மிளகாய் நெடி. இரண்டுக்கும் நடுவே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, மோட்டார் இரைச்சலில் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

மில் சபியா ராத்தாவுடையது. தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு படகேறி வந்தவர். ஆரம்பத்தில் வீட்டுக் கரண்டில்தான் மில்லை ஓட்டினார். மோட்டாரைப் போட்டால் பக்கத்து வீட்டு ஃபேன் சோர்ந்துவிடும்... பிறகு சண்டைதான். யுத்தம் முடிந்த பிறகே த்ரீ பேஸ் கிடைத்தது. பெரிய மோட்டாரைத் தாங்கும் இணைப்பு.

கிடைத்த கையோடு கணவர் காசிம் நானா, "ஊருக்குப் போவம்" என்றார்.

"அங்க கரண்ட் இருக்கா?"

"காடு வெட்டினாப் பொறகு வரும்."

"வந்தாப் பொறகு கூப்பிடுங்க."

நானா தனியே போனார். மன்னாரில் காடு மண்டிக் கிடந்த பழைய வளவில் கொட்டில் போட்டு, குப்பி விளக்கு வெளிச்சத்தில் இருந்தார். இடைக்கிடை கருவாடு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். கோபம் இல்லை. ஆனால் யாரும் இறங்கி வரவும் இல்லை. வருஷங்கள் இப்படியே போயின.

அன்று நான் கண்ணயர்ந்த நேரம் ராத்தாவின் ஃபோன் அடித்தது. நானாதான். ராத்தா மோட்டாரை நிறுத்தினார். அத்தனை இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதியில், தூரத்து அலை கூடக் கேட்டது.

"பல்ப் எரியுதா?" என்று மெல்லக் கேட்டார். "பகல்லயா போட்டு வச்சிருக்கீங்க?... வேணாம், அணைக்காதீங்க. எரியட்டும்."

ஃபோனை மடியில் வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

"காட்டுக்குள்ளால கம்பம் வரிசையா வந்திருக்காம்," என்றார் என்னிடம். "எங்கட வாசல் வரைக்கும்."

நான் பார்த்தே இராத அந்தக் கம்பங்களின் வழியே, நானும் மனசுக்குள் கொஞ்ச தூரம் நடந்து போனேன்.

"அப்ப மில்லைப் பூட்டப் போறீங்களா ராத்தா?"

"ஏன் பூட்டணும்? இத மக பாத்துக்குவா. நான் அங்க இன்னொண்டு போடப் போறன்."

சொந்த மண், சொந்த மண் என்று எத்தனை மேடைப் பேச்சுக் கேட்டிருக்கிறோம்... அந்த மண்ணில் பிழைக்கக் கரண்டும் வேண்டும் என்று யாராவது பேசியிருக்கிறார்களா?

ராத்தா மறுபடி ஃபோனை எடுத்தார். குரல் புதுப்பெண்ணுடையதைப் போல இளகியிருந்தது.

"ஓம், வாறன்... அதுக்கு முந்தி த்ரீ பேஸுக்கு எழுதிக் குடுங்க."