வண்டிப்பாதையில் போட்ட நாற்காலி

பெட்டிக் கேமராவை முக்காலியில் நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் போதும், மதுரையில் எந்த மூலையானாலும் கால் மணி நேரத்தில் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். மூக்கில் வேர்த்ததுபோல் எங்கிருந்துதான் வருவார்களோ! வைகை மணலில் ஒருமுறை, எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன் எருமையை ஆற்றோடு விட்டுவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, உள்ள யாரு இருக்கா?" என்று துணியைத் தூக்கினான். "உன் மாமியாதான் இருக்கா, போடா" என்றேன். எனக்கு முன்கோபம் அதிகம்.

ஆனால் கோபத்தால் கூட்டம் கலையாது. அதற்கு நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். கூட்டத்திலேயே பெரிய மனிதராகத் தெரிகிறவரைக் கூப்பிட்டு, துணிக்குள் விட்டு, பின்பக்கத்துக் கண்ணாடியில் விழும் உருவத்தைக் காட்டுவேன். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பார்த்தவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, மற்றவர்களை அவரே அதட்டி நிறுத்திவிடுவார். இந்தத் தந்திரத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

முப்பதுகளின் கடைசி அது, உலகச் சண்டை இன்னும் வரவில்லை. ஒருநாள் காலையில் நான் கடையைத் திறக்கும்போதே ஒருவர் படிக்குக் கீழே நின்றிருந்தார். விளாங்குடிக்கு மேற்கே ஒரு சேரியிலிருந்து ஓடியே வந்திருக்கிறார்.

"சாமி, எங்க அக்கா வீட்டுக்காரரு, எங்க மச்சான், விடியக்காலம் போய்ச் சேந்துட்டாக. ஒரு படம் எடுக்கணும்."

மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். மலாயாத் தோட்டத்துக்குப் போன அக்காள் மகன் அனுப்பியது. கோட்டு போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அவன் அப்பன் மொகத்தப் பாத்துப் பத்து வருசமாச்சு. இதே மாதிரி ஒக்கார வச்சு எடுத்து அவனுக்கு அனுப்பணும்னு அக்கா ஒத்தக் கால்ல நிக்கிது. எங்ககிட்ட நாக்காலி இல்ல சாமி. நீங்கதான் கொண்டாரணும்."

இறந்தவரை உட்காரவைத்துப் படம் எடுப்பது அன்று வழக்கம்தான். உயிரோடு இருக்கும்போது போட்டோவுக்கு நின்றவர்கள் எத்தனை பேர்? கடையில் இருந்த தேக்கு நாற்காலியையும் கேமராவையும் மாட்டுவண்டியில் ஏற்றினேன். படம் பதிகிற கண்ணாடித் தகடுகள் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, தாடைக்குத் துணி கட்டி, கவிழ்த்த உரல்மேல் உட்காரவைத்து, சுவரோடு சாய்த்திருந்தார்கள். விறைப்பதற்கு முன்பே செய்துவிட்டார்கள். ஒடிசலான மனிதர், சாந்தமான முகம். பக்கத்தில் அவர் மனைவி. அழுது ஓய்ந்து, என் நாற்காலியையே பார்த்தாள்.

"நல்லா எடுத்துக் குடுங்க சாமி. எம்மவன் கும்புடணும்."

சேரித் தெரு குறுகல். இரண்டு பக்கத்துக் கூரைகளும் தலையில் இடிக்கும், உள்ளே பகலிலும் மங்கல். தெருமுனையைத் தாண்டினால் வண்டிப்பாதை, அங்கே பளீரென்று வெயில். "வெளியே கொண்டு வாங்க" என்றேன்.

என்னைக் கூப்பிட வந்த அவள் தம்பி தயங்கினார். "உள்ளேயே எடுக்க முடியாதா சாமி? அது ஊராளுக போற பாத."

"இருட்டுல எடுத்தா கரிச்சட்டிதான் தெரியும். வேலை தெரிஞ்சவன் சொல்றேன்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இதே ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்குப் புரியாமல் போகுமா? எனக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது, அதனால் புரியாதவன்போல் இருந்துவிட்டேன். நாற்காலியை வண்டிப்பாதை ஓரம் போட்டு, அவரைத் தூக்கிவந்து உட்காரவைத்து, மார்புக்குக் குறுக்கே துண்டால் கட்டினார்கள்.

முக்காலியை விரித்தேனோ இல்லையோ, வரப்பிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாம் ஊர்க்காரர்கள். விடிந்ததிலிருந்து தப்பு அடிக்கும் சத்தம் கேட்டும் எட்டிப் பார்க்காதவர்கள், ஒரு மரப்பெட்டியைப் பார்க்க ஓடி வந்தார்கள். கடைசியாக ஒரு வில்வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் அந்த நிலங்களுக்கெல்லாம் சொந்தக்காரர். இறந்தவர் ஆயுசு முழுக்கப் பாடுபட்டது அவர் பண்ணையில்தான்.

"என்னாப்பா இது, இம்பூட்டுப் பெரிய பொட்டி?" என்றார். நல்ல சிரிப்பு முகம். அழுகிற பெண்கள் மறைத்து நின்றதில் நாற்காலி அவர் கண்ணில் படவில்லை. கூட்டமோ கேமராவை இடித்துக்கொண்டிருந்தது. நான் வழக்கமான தந்திரத்தைச் செய்தேன். "வாங்க, உள்ள பாருங்க" என்று துணியை அவருக்குத் தூக்கிப் பிடித்தேன். பெண்களை விலகச் சொன்னேன்.

"ஏ மாப்ள, எல்லாம் தலகீழாத் தொங்குதுடா!" என்று துணிக்குள்ளிருந்து சிரித்தார். பிறகு சத்தம் நின்றது. வெளியே வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"அவன எவன்டா நாக்காலில வச்சது?"

தப்புச் சத்தம் நின்றுபோனது.

"உசுரோட இருந்தவரைக்கும் நம்ம முன்னாடி தலைய நிமித்துனதில்ல. செத்தப்பறம் தொரைக்கு நாக்காலி கேக்குதோ? அதுவும் நடுப்பாதையில? எறக்குங்கடா!"

தம்பி என்னைத்தான் பார்த்தார். நாற்காலி என்னுடையது, போடச் சொன்னவன் நான், நிலத்துக்காரரைத் துணிக்குள் அழைத்ததும் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எருமைக்காரனிடம் அவ்வளவு வாய் பேசியவன்! "இறக்கிடுங்க, முகம்தானே வேணும்" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றும் எனக்கு அறையத் தோன்றுகிறது.

இறக்கினார்கள். ஆனால் அவர் உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்துப் போயிருந்தார். மண்ணில் வைத்தால் நிற்காமல் சாய்ந்தார். அவர் மனைவி பின்னால் மண்டியிட்டு இரண்டு கையாலும் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாக்காலி எதுக்குச் சும்மா கெடக்கு?" என்று சொல்லி நிலத்துக்காரர் அதில் உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டார். செருப்புப் போட்ட கால் இறந்தவரின் தாடையை ஒட்டி வந்து நின்றது. "ம், இப்ப எடு."

எடுத்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றி, நான்கு எண்ணி, மூடினேன். இன்னொரு தகடு பையில் இருந்தது. "இப்போது இவரைத் தனியாக ஒன்று" என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கேமராவை மடித்து வண்டியில் ஏற்றும்வரை கூட்டம் நகரவில்லை. அதற்குள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. செருப்பின் தையல்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. எப்படி வெட்டினாலும் முகத்தோடு அந்தக் காலும் வந்தது. காலை அழிக்கத் தகட்டில் கத்தியால் சுரண்டினேன். அச்சுப் போட்ட தாளில் அந்த இடம் கறுத்துப்போய், காலை இன்னும் எடுத்துக் காட்டியது.

கருமாதி முடிந்த பிறகு அவள் தம்பியோடு கடைக்கு வந்தாள். படத்தை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"இத அனுப்ப வேணாம் சாமி."

"முகம் நல்லாத்தானே..." என்று இழுத்தேன். வெட்கங்கெட்டவன்.

"இதப் பாத்தா எம்மவன் அங்க இருக்க மாட்டான். அடுத்த கப்பல்ல ஏறி வந்துருவான். வந்து அந்தப் பண்ணை வீட்டு முன்னாடி போய் நிப்பான். அப்பறம் நான் அவனையும் தூக்கிப் போடணும். கடுதாசி எழுதத் தெரியுமா சாமி?"

தெரியும் என்றேன்.

"படம் எடுத்தோம், போட்டோக்காரரு கை தவறிக் கண்ணாடி ஒடஞ்சு போச்சுன்னு எழுதுங்க."

எழுதினேன். 'கை தவறி' என்பதை இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னாள். படத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் முகம் அவளுக்கும் வேறு எதிலும் இல்லையே.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. சேரியில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் அதையும் என்னிடமே கொண்டுவந்தாள். நின்றுகொண்டே படித்தேன். அம்மாவின் சுகத்தை விசாரித்திருந்தான். ஒப்பந்தம் முடியவில்லை, இப்போதைக்கு வர முடியாது என்று எழுதியிருந்தான். அதற்கும் கீழே, 'எங்கப்பன் முகத்தை எனக்கு இல்லாமல் பண்ணின அந்தப் போட்டோக்காரன் கை விளங்காமல் போகட்டும்' என்று இருந்தது. ஒரு எழுத்துக்கூட விடாமல் அதையும் சத்தமாகப் படித்தேன்.

அவள் பதறிப்போனாள். "கோவிச்சுக்கிறாதீக சாமி. அவனுக்கு நடந்தது தெரியாதுல்ல."

அவன் சொன்னதில் தப்பில்லை என்றேன். மகன் இப்போதைக்கு வரமாட்டான் என்று எழுதியிருந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனாள்.