பெட்டிக்குக் காவல்

கம்பெனியில் ஷட்டவுன் என்று லீவு விடுகிற ஒரு வாரத்துக்கு மகள் ரயில் பயணம் திட்டமிட்டுக்கொண்டிருந்தாள். மதுரை, நெல்லை, கன்னியாகுமரி.

"மதுரையில நாலு மணி நேரந்தாம்மா. நீ பையைப் பாத்துகினு ஸ்டேஷன்ல இரு, நாங்க கோயிலுக்குப் போயிட்டு வந்துடறோம்" என்றாள்.

எனக்குப் பத்து வயதில் எங்கள் ஊர் வல்லம் வடகாலிலிருந்து நாங்கள் போன ஒரே பயணம் நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் ஊரிலும் இரும்புப் பெட்டிக்குக் காவலாக அம்மாவைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவும் நானும் சுற்றப் போனோம். திரும்பி வந்ததும் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, "இன்னா பாத்த, சொல்லு" என்பாள். ஒன்றுவிடாமல் சொல்வேன்.

வீட்டுக்கு வந்த அன்று தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். "மதுரைக் கோயில்ல தூணு ஒவ்வொண்ணும் எம்மாம் பெருசு தெரியுமா!" என்று அம்மா கைகளை விரித்துக் காட்டினாள்.

நான் குறுக்கே புகுந்தேன். "அம்மா எங்க பாத்துச்சு? ஸ்டேஷன்லதான் குந்திகினு இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். விரித்த கைகளை மடக்கிக்கொண்டு அம்மாவும் சிரித்தாள். பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

"நானும் கோயிலுக்கு வரேன்" என்றேன் மகளிடம்.

"சரிம்மா, பையை கிளாக் ரூம்ல போட்டுடலாம்" என்றாள் உடனே.

எனக்கு முகம் சுட்டது. என் அம்மா ஒருமுறைகூட 'நானும் வரேன்' என்று கேட்கவில்லை. நாங்களும் அவளைக் கூப்பிடவில்லை.