வெள்ளிக்கிழமைச் சட்டை

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் செங்கமலம் பழைய சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைவாள். தாவணியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அந்தச் சட்டையை மாட்டிப் பார்ப்பாள். அக்குளில் பிடிக்கும். "அக்கா, இன்னுங் கொஞ்சம் பிரிச்சு வுடுங்க" என்று முதுகைக் காட்டி நிற்பாள். பிரிக்க இனி உள்ளே துணி இல்லை என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பிறகு வாட்சைக் கழற்றிப் பையில் போடுவாள், கண்ணாடி வளையல் ஏறும், ரிப்பன் ஏறும். லீவுக்கு அப்பா ஊருக்குப் போகிற பெரம்பலூர் பஸ்ஸில் அவளைப் பார்க்கிறவர்கள் பத்தாவது படிக்கிற பெண் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் அவளுடைய அம்மாயி. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அரியலூரில் எங்கள் தெருவுக்கே சிஸ்டர். யாராவது சகுனம் என்று வாயெடுத்தால் போதும், மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்ப்பார். பேச வந்தவருக்குப் பேச்சு மறந்துவிடும். அப்படிப்பட்டவரின் ஒரே மகளைத்தான், வயதுக்கு வந்த கையோடு படிப்பை நிறுத்திக் குரும்பலூரில் கட்டிக்கொடுத்தார் அவர் புருஷன். சிஸ்டர் அன்று வாய் திறக்கவில்லை. மகள் செங்கமலத்தைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச்சேர்ந்தாள்.

அதனால்தான் பேத்தி போன வருஷம் இங்கே பெரியவளானபோது சிஸ்டர் குரும்பலூருக்குச் சொல்லி அனுப்பவில்லை. "படிப்பு முடியிற வரைக்கும் அங்க மூச்சு வுடாத. தெரிஞ்சா உங்கப்பன் வூட்டோட நிறுத்திடுவான்" என்று சொல்லிவிட்டார். மறுநாளே பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார். பந்தலும் இல்லை, தண்ணீர் ஊற்றலும் இல்லை. குரும்பலூருக்கு மறைக்கிற சங்கதி எனக்கு மட்டும்தான் தெரியும். சட்டை பிரிக்க ஒரு ஆள் வேண்டுமே.

குரும்பலூரில் அப்பாவைப் பெற்ற ஆண்டாயி இருக்கிறாள். அந்த அப்பத்தாவுக்குப் பேத்தி இன்னும் ஆளாகவில்லை என்பதுதான் கவலை. சனிக்கிழமை விடிந்தால் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் விட்டு, எதிரே உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்னவைப்பாள். தெருப் பெண்கள் ஜாடை பேசுகிறார்கள் என்று கேட்டதிலிருந்து திருமழபாடிக்கு நேர்ந்துகொண்டு ராச்சோற்றையும் விட்டுவிட்டாளாம். "தாயில்லாப் புள்ளைக்கு நான் சரியா ஊட்டங் குடுக்கல" என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். சீர்வரிசைக்கு எடுத்துவைத்த பட்டுப்பாவாடையை அவ்வப்போது வெயிலில் போட்டு எடுத்து, திரும்பவும் பெட்டிக்குள் வைக்கிறாளாம்.

இதையெல்லாம் செங்கமலமே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். அப்பத்தா நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள். களியில் எண்ணெய் ஒழுகுகிற மாதிரி முழங்கை வரைக்கும் நக்கிக் காட்டுவாள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்தவள் அப்படி எதுவும் செய்யவில்லை. தூணில் சாய்ந்து வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அப்பத்தா சாமி வெளக்கு ஏத்தச் சொல்லுச்சுக்கா. அன்னிக்குத்தான் எனக்குத் தூரம்."

ஏற்றினாயா என்று கேட்டேன்.

"ஏத்தலன்னா தெரிஞ்சுடுமே. ஏத்துனேன். கன்னிப்பொண்ணு ஏத்துன வெளக்குன்னு அப்பத்தா வுழுந்து கும்புட்டுச்சு. பட்டினியா இருக்குதுக்கா அது."

அப்பத்தா தீட்டு என்றால் பயப்படுகிறவள். அந்தச் சாமி அறையில் அந்த மாதிரி நாட்களில் யாருடைய நிழலும் விழ விட்டதில்லை. சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிள்ளையின் படிப்பு போனால் மட்டும் நன்றாகவா இருக்கும்? அப்பத்தாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. யாரையும் திட்ட முடியாமல் வருத்தப்படுவது ஒரு தண்டனை.

அன்று சாயங்காலம் எங்கள் கொல்லைப்புறத்திலிருந்து பார்த்தேன். சிஸ்டர் வீட்டில் மேஜையில் தட்டு வைத்திருந்தார்கள். "உள்ளயே உக்காந்து சாப்புடு. இதெல்லாம் ஒடம்போட வேலை, தீட்டும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று சிஸ்டர் கூப்பிட்டது கேட்டது. இந்த வீட்டில் எதையும் தொடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

செங்கமலம் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தலை நிமிராமல் தின்று முடித்தாள். தட்டையும் தம்ளரையும் தானே கழுவினாள். உள்ளே கொண்டு போகாமல், வீட்டுப் பாத்திரங்களில் படாமல், தள்ளித் தனியே மதில்மேல் கவிழ்த்து வைத்தாள்.