பேஸ்பால்காரரைப் பிடிப்பது எப்படி

மகள் கல்யாணமாகி அமெரிக்கா போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு வீடியோ கால் வரும். முதலில் மாப்பிள்ளை பேசுவார். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடக்கும் உரையாடல் எனக்கு மனப்பாடம்.

"நல்லாகீறீங்களா மாப்ள?"

"நல்லா இருக்கேன் மாமா. நீங்க?"

"நமக்கு இன்னா. சாப்ட்டாச்சா?"

"ஆச்சு மாமா."

"அங்க மழையா?"

"இல்ல மாமா."

"செரி, தோ உங்க அத்தகிட்ட குடுக்கறேன்."

என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழே நிற்கிறவர்களைப் பார்த்து மேலிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் பாதிரியார் முன் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டவரைப் போலக் குரல் இறங்கிவிடும். மாப்பிள்ளை திருச்சிப் பக்கத்துக்காரர், அளந்து பேசுகிறவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ரொம்ப மதித்தார்கள். மதித்து மதித்தே பேச்சு வராமல் போய்விட்டது.

ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாப்பிள்ளையிடமிருந்து வரிசை வரிசையாகப் பச்சை, மஞ்சள், சாம்பல் கட்டங்கள் வந்தன. வார்த்தை ஒன்றும் இல்லை.

"இன்னாமே இது? பாத்ரூமுக்கு டைல்ஸ் பாக்கறாங்களா?" என்றார் இவர். நான் பதில் சொல்வதற்குள், "பச்சை நல்லா கீது மாப்ள, அதையே போடுங்க" என்று குழுவில் குரல் பதிவு அனுப்பிவிட்டார்.

மகள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியபடி போன் செய்து விளக்கினாள். அது ஒரு விளையாட்டு. தினம் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரை ஒளித்து வைத்திருப்பார்கள். யார் என்று கண்டுபிடிக்க ஒன்பது வாய்ப்பு. நாம் ஒரு பெயரைப் போட்டால், அவருடைய அணி, பிறந்த நாடு, வயது, எந்தக் கையால் அடிப்பார், எந்தக் கையால் எறிவார், மைதானத்தில் எங்கே நிற்பார் என்று கட்டங்கள் வரும். ஒளிந்திருப்பவரோடு ஒத்துப்போனால் பச்சை. கிட்டத்தட்ட என்றால் மஞ்சள். வயதுக் கட்டத்தில் அம்பு மேலே காட்டினால் தேடப்படுகிறவர் இன்னும் மூத்தவர் என்று அர்த்தம். மாப்பிள்ளை தினமும் காலையில் இதை முடித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பாராம்.

மறுநாளே இவரும் ஆட ஆரம்பித்துவிட்டார். பேஸ்பால் மட்டையை நேரில் பார்த்தவர்கூட இல்லை. அவரிடம் இருந்த முதல் உத்தி விசுவாசம். பெரிய மீசை வைத்த ஒரு ஆட்டக்காரரின் படம் பிடித்துப்போய்விட்டது. தினமும் முதல் பெயராக அந்த மீசைக்காரரையே போட்டார்.

"ஒருநாள் இல்லாங்காட்டி ஒருநாள் அவன் வராமலா பூடுவான்?"

வரவில்லை. அடுத்த உத்தி கப்பல். எந்த நாட்டுக் கப்பல் ஹார்பருக்கு அதிகம் வந்ததோ அந்த நாட்டுக்காரராகப் பார்த்துத் தேடினார். கிரேக்க நாட்டில் பேஸ்பால்காரர்கள் அவ்வளவாக இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. தினமும் ஒன்பது வரியும் சாம்பலாகக் குழுவில் போடுவார். மாப்பிள்ளை ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவார்.

நெத்திலி ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் பொறுக்காமல் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஒரு பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், எங்கெல்லாம் இல்லை என்று பார்ப்பதுதான் எங்கள் வழக்கம்.

"மொதல் பேரு ஆளப் புடிக்கறதுக்கு இல்ல. எந்தப் பக்கம் ஆள் இல்லன்னு தெரிஞ்சிக்கறதுக்கு" என்றேன். "ஆடறவங்கள்ல நடுவயசுக்காரனாப் போடு. இருவத்தெட்டு. அமெரிக்காவுல பொறந்தவன், வலது கை. மேலயா கீழயான்னு அம்பு சொல்லிடும், பாதிக் கூட்டம் கலஞ்சிடும். அப்புறம் சாம்பல் வந்ததத் திரும்பத் தொடாத."

"அணியில யார் யார் கீறாங்கன்னு நமக்கு இன்னா தெரியும்?"

"போன்ல தேடிப் பாரு."

"பாத்து எழுதறது பிட்டு அடிக்கிற மாதிரிமே. பாவம்."

மீசைக்காரரை நம்பித் தோற்பதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

புது ஆட்டம் நமக்குக் காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் நான் ஷேர் ஆட்டோவில், வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பேன். இவர் வீட்டிலிருந்து போன் போடுவார். அன்றும் அப்படித்தான்.

"வயசு இன்னா காட்டுது?" என்று கேட்டேன்.

"மேல அம்பு. மஞ்சகூட இல்ல."

"அப்ப முப்பதத் தாண்டினவன். ஊரு?"

"அமெரிக்கா இல்ல."

"கை?"

"எறியறது பச்ச. அடிக்கிறது மஞ்ச."

"மஞ்சன்னா ரெண்டு கையாலயும் அடிக்கிறவன். செம! அந்த மாதிரி ஆளுங்க கொஞ்சம் பேருதான். அவனையே பாத்து முடிச்சிடு."

பக்கத்தில் மீன் கூடையை மடியோடு அணைத்துக்கொண்டிருந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டார்.

"யக்கா, பொண்ணுக்கா பாக்கற?"

"இன்னா?"

"முப்பதத் தாண்டினாக்கூடப் பரவால்லக்கா. ரெண்டு கையாலயும் அடிக்கிறவனுக்கா போய்ப் பொண்ணு குடுப்ப?"

ஆட்டோ மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். நான் பேஸ்பாலை விளக்க ஆரம்பித்து, தேரடி வந்ததும் பாதியில் இறங்கி ஓடினேன்.

ஆபீசில் உட்கார்ந்து போனைத் திறந்தால் குழுவில் இவருடைய செய்தி. நாலாவது பெயரிலேயே ஆளைப் பிடித்துவிட்டார். சந்தோஷத்தில் கட்டங்களைப் போட மறந்து அந்த ஆட்டக்காரரின் பெயரை மட்டும் போட்டு, பக்கத்தில் நாலு பூங்கொத்து வைத்திருந்தார். மாப்பிள்ளை அங்கே தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுந்ததும் ஆட வேண்டிய ஆட்டத்தின் விடை அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

"யோவ், பேரைப் போட்டுட்டியே! அழி மொதல்ல" என்று போனில் கத்தினேன்.

"அழிச்சிட்டேன், அழிச்சிட்டேன்" என்றார். அழித்தது தன் போனில் மட்டும். உலகத்தில் மற்ற எல்லோருடைய போனிலும் பெயர் பூங்கொத்தோடு அப்படியே இருந்தது.

சாயங்காலம் மகள் பேசினாள். "மா, காலைலேர்ந்து அவரு மூஞ்சே செரியில்ல. மாசக்கணக்கா ஒருநாள்கூடத் தோக்காம ஆடிகினு இருந்தாரு. இன்னிக்கு அந்துபூட்ச்சு."

இவர் சோற்றில் கை வைக்கவில்லை. மாப்பிள்ளை மனம் கோணிவிட்டதே என்று நடையும் கூடமுமாக நடந்தார். சம்பந்தியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசித்தார். அப்போது அவர் போன் அடித்தது. மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில், மகள் இல்லாமல், அவர் தானாகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. இவர் சுடுகிற பாத்திரத்தைப் போலப் போனை என்னிடம் தள்ளினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, உங்க மெசேஜ் பாத்தேன்."

"மாப்ள, அது வந்து..."

"பாத்தேன், ஆனா நம்பல மாமா."

"இன்னாது?"

"நீங்க இதுவரைக்கும் ஒருநாள்கூட ஜெயிச்சதில்லையா... அதனால, மாமா சொல்ற ஆள் மட்டும் கண்டிப்பா இருக்க முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவரை விட்டுட்டு மத்த எல்லாரையும் போட்டுப் பாத்தேன். தோத்துட்டேன்."

இவர் சிரித்தார். கிரேன் மேலிருந்து சிரிக்கிற சிரிப்பு. அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நாங்கள் கேட்டதே இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க மாமா?"

"மொதல் பேரு ஆளப் புடிக்கறதுக்கு இல்ல மாப்ள" என்று கம்பீரமாக ஆரம்பித்தார் இவர். நான் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றேன். "எந்தப் பக்கம் ஆள் இல்லன்னு... அதாவது, உங்க அத்த இன்னா சொன்னான்னா..."

மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். தனக்குத் தெரிந்த முகங்களாக நினைத்து நினைத்துப் போடுவதுதான் தன் வழக்கம், வயதைப் பாதியாக வெட்டிப் பார்த்ததே இல்லை என்றார். தேடிப் பார்ப்பது பிட்டா இல்லையா என்று மாமனாரும் மருமகனும் வாதாடினார்கள். இவர் பிட்டு என்றார், ஆட்டமே தெரியாதவர்களுக்கு அது பாடப்புத்தகம் என்றார் மாப்பிள்ளை. சோறு ஆறி, நான் மறுபடி சூடு பண்ணி, அதுவும் ஆறியது.

அதற்குப் பிறகு இவர் குழுவில் விடையின் பெயரைப் போடுவதில்லை. மாப்பிள்ளை எழுந்ததும் போனில் இரண்டு பேரும் உத்தி பேசுவார்கள். என் மகளிடம் நான் பேசவேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வந்திருந்தார்கள். மாமாவுக்கு நிஜ ஆட்டத்தைக் காட்டவேண்டும் என்று மாப்பிள்ளை ஒரு பழைய ஆட்டத்தின் வீடியோவை டிவியில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். மட்டையோடு வந்த ஒவ்வொருவருக்கும் வயது, ஊர், கை எல்லாம் இவர் முந்திக்கொண்டு சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"ஆமா மாப்ள, அடிச்சிட்டு ஏன் அந்தாண்ட ஓடறாங்க?"

மாப்பிள்ளை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் இவர் அவர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மாப்பிள்ளை தோளை அசைக்காமல் டிவி சத்தத்தைக் குறைத்தார்.