இடது பொத்தானில் ஒரு கிளிப்

பட்டறையில் அவளுக்குப் பெயர் ‘பத்து’. தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தும் பத்து விரலும் பத்திரமாக இருப்பவள் அங்கே அவள் ஒருத்திதான். “பத்து வந்தாச்சு, எண்ணிப் பாத்துக்குங்கப்பா!” என்று பக்கத்து மெஷினில் இருக்கும் ஏழு விரல்காரர் தினமும் கேலி செய்வார். அவளும் சிரித்துவைப்பாள். அழுதால் மட்டும் அவருக்கு விரல் முளைத்துவிடுமா என்ன?

மெஷினில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கும். கை உள்ளே சிக்காது. ஆனால் அப்படிச் செய்தால் வேலை ஊர்ந்துதான் போகும். அதனால் இந்த மகராசி தன் தலைக் கிளிப்பை எடுத்து இடது பொத்தானில் செருகிவிடுவாள். ஒரு கை தகட்டைத் தள்ளும், மறு கை அழுத்தும். சாயங்காலம் கிளிப் தலைக்குத் திரும்பிவிடும்.

நேற்று குளிர்காய்ச்சல். பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றைக்கு அவளுக்குப் பதிலாகத் தங்கச்சி போயிருந்தாள். பத்து எழுந்து தலை வாரிவிட்டுக் கிளிப்பைத் தேடினாள். தலையணைக்கடியில் இல்லை. ஜன்னலில் இல்லை.

“ஐயையோ!”

நேற்று காய்ச்சலோடு வந்த அவசரத்தில் அதை இடது பொத்தானிலேயே விட்டுவிட்டாள். ரெண்டையும் அழுத்தினால்தான் இறங்கும், பயப்படாதே என்று சொல்லி அனுப்பியதே இவள்தான். அதை நம்பித் தங்கச்சி உள்ளே கைவிட்டுத் தகட்டைச் சரிசெய்வாள். வலது பொத்தானில் முழங்கை பட்டால் போதும்.

செருப்புகூட மாட்டாமல் ஓடினாள். தெருமுனையிலேயே டக், டக் என்ற சத்தம் கேட்டது. சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை கை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். சட்டென்று சத்தம் நின்றது. அவளுக்கு மூச்சும் நின்றது. பாவி, நான் பாவி!

உள்ளே தங்கச்சி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பத்து அவள் கைகளைப் பிடித்திழுத்து விரல்களை எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு இடது பொத்தானிலிருந்து கிளிப்பைப் பிடுங்கினாள்.

“உசிரே போயிடுச்சுடி! இதை நான் மறந்துட்டுப்…”

“காலையிலயே பாத்துட்டேன்க்கா. இது இருந்தாதான் வேலை ஓடுது. நீயும் இப்படித்தானே செய்யற?”

பத்து தன் கிளிப்பைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

தங்கச்சி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தன் தலையிலிருந்த கிளிப்பை உருவினாள்.